ஒரே காம்பராவில் மூன்று தரம்: வீட்டில் படிக்க எந்தப் புத்தகத்தை எடுப்பது?

கடைக்குப் போகும் முன் பிள்ளையைப் பக்கத்தில் உட்காரவைத்து வாசிக்கச் சொல்லுங்கள். இப்போது படிக்கும் தரத்தின் தமிழ்ப் புத்தகத்தில் நடுப்பக்கம் ஒன்றைத் திறந்து கொடுங்கள். ஒரு பக்கத்தில் ஐந்து சொல்லுக்கு மேல் தடுக்கி நின்றால் அதற்குக் கீழ்த் தரத்துப் புத்தகத்தை எடுங்கள். அதிலும் தடுக்கினால் இன்னும் ஒரு தரம் கீழே போங்கள். எந்தப் புத்தகத்தைத் தடையில்லாமல் வாசித்து, வாசித்ததைத் தன் சொல்லில் திருப்பிச் சொல்ல முடிகிறதோ, அதுதான் அந்தப் பிள்ளை நிற்கும் இடம். எழுதப் படிக்கத் தெரியாத அம்மாவும் இந்தச் சோதனையை நடத்தலாம். பிள்ளை எங்கே தடுக்குகிறது என்பது காதுக்குத் தெரியும். கதை விளங்கியதா என்பது "இப்ப வாசிச்சது என்னான்னு சொல்லு" என்று கேட்டால் தெரிந்துவிடும்.

தரம் 6இல் இருக்கும் பிள்ளை தரம் 3 புத்தகத்தில் வந்து நிற்பது நம் தோட்டங்களில் அபூர்வமில்லை. அதற்காகப் பிள்ளையைத் திட்டக்கூடாது. அந்த மூன்று வருடத்தில் எத்தனை மாதம் பாடசாலை நடந்தது, எத்தனை நாள் ஆசிரியர் வந்தார் என்று கணக்குப் பார்த்தால் காரணம் புரியும். வீட்டுக்கு என்ன புத்தகம் வேண்டும் என்பதை வயதை வைத்து முடிவு செய்யாதீர்கள், இந்த நிலையை வைத்து முடிவு செய்யுங்கள். இந்த அத்தியாயத்தில் வயது வயதாகச் சொல்லப்போகும் எல்லாவற்றையும் இதற்கு அடுத்தபடியாகவே எடுத்துக்கொள்ள வேண்டும்.

சட்டத்தையும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இலங்கையில் 5 வயது முதல் 16 வயது வரை கல்வி கட்டாயம். 14 வயது என்று இருந்த எல்லை 2016இல் 16 ஆக உயர்த்தப்பட்டது. ஆகவே பாடசாலையில் பெயரை வெட்டிவிட்டுப் பிள்ளையை வீட்டோடு வைத்துக்கொள்ள இந்த நூல் வழி சொல்லவில்லை. மாலையிலும் லீவிலும் வீட்டில் நடக்கும் படிப்பு, பாடசாலை மூடிக் கிடக்கும் காலத்துப் படிப்பு, இடையில் நின்ற பிள்ளையைத் திரும்பக் கொண்டுவரும் படிப்பு ஆகிய மூன்றும்தான் இங்கே பேசப்படுகின்றன.

ஊவாவில் இது ஏன் தேவை என்று யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. 2020 மார்ச்சில் கொரோனாவால் மூடிய பாடசாலைகள் இடையிடையே திறந்து மூடி, 2021 ஒக்டோபரில்தான் மெல்ல வழமைக்குத் திரும்பத் தொடங்கின. ஒன்லைன் பாடத்துக்குச் சிக்னல் தேடி மலை உச்சிக்கும் பாறைக்கும் பிள்ளைகள் ஏறிய காலம் அது. 2022இல் எரிபொருள் இல்லாமல் மறுபடியும் மூடினார்கள். மழையும் ஒவ்வொரு வருடமும் தன் பங்குக்குப் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவைக்கிறது. 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி மீரியபெத்தையில் மண் சரிந்தபோது கொஸ்லந்தை, பூனாகலைப் பாடசாலைகளில்தான் சனங்கள் தங்கினார்கள். 2025 நவம்பரில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தை எப்படி அடித்தது என்பது இன்னும் ஆறாத காயம். பாடசாலை இல்லாமல் பத்து நாள் ஓடக்கூடிய படிப்புச் சாமான் ஒவ்வொரு லயத்து வீட்டிலும் இருக்க வேண்டும். அதை ஒரு தடித்த பொலித்தீன் பைக்குள், பிறப்புச் சான்றிதழ் வைக்கும் இடத்திலேயே வையுங்கள். மழை இரவில் வெளியேறச் சொன்னால் இரண்டும் ஒன்றாகக் கைக்கு வர வேண்டும்.

அந்தப் பைக்குள் முதலில் போக வேண்டியது அரசாங்கப் பாடநூல். 1980 முதல் இது இலவசம். தரம் 1 முதல் 11 வரை தமிழில் இருக்கிறது. கல்வி வெளியீட்டுத் திணைக்களத்தின் இணையத்தளத்தில் முழுப் புத்தகத்தையும் தரவிறக்கலாம். கீழ்த் தரத்துப் புத்தகம் வேண்டியிருந்தால் பக்கத்துக் காம்பராவில் கேட்டாலே கிடைக்கும். போன வருடம் அந்தத் தரத்தில் படித்த பிள்ளை ஒன்று எப்படியும் லயத்தில் இருக்கும்.

"இலவசமாகக் கொடுப்பதில் என்ன இருக்கப்போகிறது" என்று நினைத்து, பதுளை டவுனுக்குப் போய் நாலைந்து வினா விடைப் புத்தகங்களை வாங்கி வரும் பெற்றோரைப் பார்க்கும்போது எனக்கு மனம் கனத்துப்போகிறது. அது ஒரு நாள் சம்பளத்துக்கு மேல் போகும் காசு. வினா விடைப் புத்தகம் கேள்வி கேட்குமே தவிர, சொல்லிக்கொடுக்காது. தெரிந்த பிள்ளைக்கு அது பயிற்சி, தெரியாத பிள்ளைக்கு வெறும் தண்டனை. அந்தக் காசுக்கு ஒரு சதுரக் கொப்பி, ஒரு ரூல் கொப்பி, பென்சில், தேவையான பக்கங்களின் போட்டோ கொப்பி எல்லாம் வாங்கிவிடலாம்.

பாடநூலுக்குத் துணையாக ஒன்று இருக்கிறது. பெற்றோரில் பெரும்பாலோருக்கு அது இருப்பதே தெரியாது. மஹரகமவில் உள்ள தேசிய கல்வி நிறுவகம் ஒவ்வொரு பாடத்துக்கும் ஆசிரியர் வழிகாட்டி வெளியிடுகிறது. அதுவும் இணையத்தில் இலவசம். எந்தப் பாடத்தில் பிள்ளைக்கு என்ன தேர்ச்சி வர வேண்டும், அதற்கு என்ன செயற்பாடு செய்ய வேண்டும் என்று படிப்படியாகச் சொல்லியிருப்பார்கள். வீட்டில் ஓ.எல். வரை படித்த அக்காவோ சித்தப்பாவோ இருந்தால், அவரிடம் கொடுக்க இதைவிட நல்ல பொருள் கிடையாது. கல்வி அமைச்சின் ஈ-தக்சலாவ தளத்தில் தமிழ்ப் பாடங்களும் பயிற்சிகளும் இருக்கின்றன. டேட்டா செலவாகும் என்பதால் டவுனுக்குப் போகும் நாளில் இறக்கி வைத்துக்கொள்வது நல்லது.

ஒரு எச்சரிக்கை. பாடத்திட்டம் சில வருடங்களுக்கு ஒருமுறை மாறும். 2015இல் தரம் 6க்கும் 10க்கும், 2016இல் 7க்கும் 11க்கும் புதிய புத்தகங்கள் வந்தன. இப்போது மறுபடியும் சீர்திருத்தம் நடக்கும் காலம். பழைய புத்தகத்தை இரவல் வாங்கும்போது உள்ளே பதிப்பு ஆண்டைப் பாருங்கள். தவணை தொடங்கும் வாரத்தில் வகுப்பு ஆசிரியரிடம், "டீச்சர், இந்த வருசம் எந்தெந்தப் பாடத்துக்குப் புத்தகம் மாறியிருக்கு?" என்று கேட்டுக்கொள்ளுங்கள். வாசிப்புக்கு என்றால் எந்தப் பழைய புத்தகமும் உதவும். பரீட்சைக்கு என்றால் உதவாமல் போகலாம்.

மூன்று முதல் ஐந்து வயது வரை காசு கொடுத்து வாங்க எதுவும் தேவையில்லை என்பதுதான் என் முடிவு. பிள்ளைக் காம்பராவிலும் முன்பள்ளியிலும் ஆயாவும் டீச்சரும் பார்த்துக்கொள்கிறார்கள். வீட்டில் அப்பாயி சொல்லும் கதை, விடுகதை, தாலாட்டு இவைதான் பாடம். நிறையப் பேச்சைக் கேட்ட பிள்ளைக்குத்தான் எழுத்து வந்ததும் வாசிப்பு ஓடும். ஒரு தட்டில் மாவையோ மணலையோ பரப்பி விரலால் கோடும் வட்டமும் போடவிடுங்கள். புளியங்கொட்டையை எண்ணவிடுங்கள், ஆனால் வாயில் போடும் வயதென்றால் பக்கத்தில் ஆள் இருக்க வேண்டும். மூன்று வயதுப் பிள்ளையின் கையில் பென்சிலைத் திணித்துப் பக்கம் பக்கமாக எழுத்துப் பார்த்து எழுதவைக்கும் பயிற்சிக் கொப்பிகளை வாங்க வேண்டாம். கை நோகும், மனமும் வெறுத்துப்போகும்.

ஆறு முதல் பத்து வயது வரையான பருவத்தில்தான் ஒரு பிள்ளையின் படிப்பு நிற்பதும் விழுவதும் தீர்மானமாகிறது. உங்களிடம் இருக்கும் நேரத்தையும் காசையும் பெரும்பாலும் இங்கேதான் போட வேண்டும். சமயம், சுற்றாடல் சார்ந்த செயற்பாடுகள் எல்லாம் பாடசாலை பார்த்துக்கொள்ளும். வீட்டில் வாசிப்பும் எண்ணும் போதும்.

வாசிப்புக்கு வீட்டிலேயே ஒரு பொருள் செய்யலாம். பால்மாப் பெட்டி மட்டையைத் தீப்பெட்டி அளவில் வெட்டுங்கள். ஒரு மட்டையில் "லை" என்று எழுதுங்கள். மற்ற மட்டைகளில் ம, இ, த, வி, வே, கா, மா என்று ஒவ்வொன்றாக எழுதுங்கள். "லை" மட்டையை நிலத்தில் வைத்துவிட்டு அதற்கு முன்னால் ஒவ்வொரு மட்டையாக மாற்றி வைத்தால் மலை, இலை, தலை, விலை, வேலை, காலை, மாலை என்று ஏழு சொல் வரும். ஏழும் பிள்ளையின் வாயில் ஏற்கெனவே இருக்கும் சொற்கள். மலையையும் மாலையையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினால், ஒரு அரவு கூடினால் சொல்லே மாறிவிடுகிறது என்பதைப் பிள்ளை தானே கண்டுபிடிக்கும். இது ஓடத் தொடங்கிய பிறகு "கொழுந்து" என்ற சொல்லைக் கொடுங்கள். கொம்பு, ழு, புள்ளி வைத்த ந் எல்லாம் ஒரே சொல்லில் இருப்பதால் அது கடினமான சொல். ஆனாலும் தினமும் கேட்கும் சொல் என்பதால் பிள்ளை விடாமல் பிடித்துக்கொள்ளும்.

சொற்களைக் கடந்ததும் கதைப் புத்தகம் வேண்டும். பாடநூலை மட்டும் வாசிக்கும் பிள்ளை அதைப் பாதி மனப்பாடமாகத்தான் வாசிக்கும். புதுப் பக்கத்தைக் கண்டால் நின்றுவிடும். ரூம் டு ரீட் நிறுவனம் இலங்கையில் தமிழிலும் சிறுவர் கதைப் புத்தகங்கள் வெளியிட்டிருக்கிறது. உங்கள் பாடசாலை நூலகத்தில் அவை இருக்கின்றனவா என்று கேளுங்கள். இருந்தால், அலுமாரியில் பூட்டி வைக்காமல் வீட்டுக்குக் கொடுக்கச் சொல்லிக் கேட்பது பெற்றோரின் உரிமை. கிழிந்துவிடும் என்று பயந்து பூட்டிவைத்த புத்தகம் யாருக்கும் பயன்படாது. கைபேசியில் என்றால் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் இலவசமாக இருக்கின்றன. வாசிப்பு நிலை 1 முதல் 4 வரை குறித்திருப்பார்கள். முதலில் செய்த சோதனைக்கு ஏற்ற நிலையை எடுங்கள். கதை தமிழ்நாட்டு நடையில் இருந்தாலும் இந்த வயதில் அது தடையில்லை.

எண்ணுக்கு ஒரு கட்டு ஈர்க்கு போதும். பத்துப் பத்தாக எண்ணி ரப்பர் பட்டி போட்டு வையுங்கள். 32இலிருந்து 17ஐக் கழிக்கச் சொல்லுங்கள். பிள்ளையின் முன்னால் மூன்று கட்டும் இரண்டு தனி ஈர்க்கும் இருக்கும். இரண்டிலிருந்து ஏழை எடுக்க முடியாது. ஒரு கட்டைப் பிரிக்கச் சொல்லுங்கள். இப்போது இரண்டு கட்டு, பன்னிரண்டு ஈர்க்கு. ஏழை எடுத்தால் ஐந்து மிஞ்சும், ஒரு கட்டை எடுத்தால் ஒன்று மிஞ்சும். விடை 15. "கடன் வாங்கிக் கழி" என்று கரும்பலகையில் சொன்னபோது விளங்காதது, பட்டியைக் கழற்றும்போது விரலுக்கே விளங்கிவிடும். அதன் பிறகுதான் சதுரக் கொப்பியில் எழுத வேண்டும், ஒரு கட்டத்துக்கு ஓர் இலக்கம்.

தரம் 5 புலமைப்பரிசில் பரீட்சையைப் பற்றியும் இங்கேயே சொல்ல வேண்டும். இரண்டு வினாத்தாள், மொத்தம் 200 புள்ளி. வறிய வீட்டுப் பிள்ளைக்கு உதவிப்பணம் கிடைக்கவும் நல்ல பாடசாலைக்குப் போகவும் அது வாசல் என்பது உண்மை. ஆனால் தரம் 3இலேயே மாதிரி வினாத்தாள் வாங்கிக் கொடுத்து வதைப்பதை நான் ஏற்கமாட்டேன். கேள்வியைப் பிள்ளை தானே வாசித்து விளங்கிக்கொள்ளும் நாள் வரைக்கும் வினாத்தாள் வேண்டாம். அந்த நாள் வந்த பிறகு, கடைப் புத்தகத்துக்கு முன் பரீட்சைத் திணைக்களத்தின் கடந்தகால வினாத்தாள்களை எடுங்கள். உண்மையான பரீட்சையின் நடை அவற்றில்தான் இருக்கும். பரீட்சை எழுதுவது கட்டாயமில்லை என்பதையும், எழுதித் தவறினாலும் படிப்பு நிற்காது என்பதையும் பிள்ளைக்குச் சொல்லி வையுங்கள்.

பதினொன்று முதல் பதினான்கு வரை பாடங்கள் பெருகும், ஆசிரியர்கள் பாடத்துக்கு ஒருவராக மாறுவார்கள், பாடநூலும் தடிக்கும். இந்த வயதுக்கு இரண்டு பொருள் சொல்கிறேன், இரண்டும் லயத்திலேயே கிடைக்கும்.

ஒன்று, அம்மாவின் சம்பளச் சீட்டு. அடிப்படை நாள் சம்பளம் 1,350 ரூபாயாக இருந்த மாதத்துச் சீட்டை எடுங்கள். 20 நாள் வேலை என்றால் 27,000 ரூபாய். ஊழியர் சேமலாப நிதிக்கு அம்மாவின் பங்காக 8 சதவீதம் கழியும், அதாவது 2,160 ரூபாய். தோட்டம் தன் பங்காக 12 சதவீதம், 3,240 ரூபாய் போட வேண்டும். இரண்டும் சேர்ந்து 5,400 ரூபாய் அந்த மாதம் அம்மாவின் கணக்கில் ஏறியிருக்க வேண்டும். தரம் 7, 8 பிள்ளைக்குச் சதவீதக் கணக்கைப் படிப்பிக்க இதைவிடப் பொருத்தமான பயிற்சி எந்தப் புத்தகத்திலும் இல்லை. கணக்கைப் போட்ட பிள்ளை, சீட்டில் இருப்பது சரியா என்று பார்த்துச் சொல்லும் ஆளாகவும் ஆகிவிடும்.

மற்றது மழைமானி. நேரான பிளாஸ்டிக் போத்தலின் கழுத்துப் பகுதியை வெட்டி, அதைத் தலைகீழாகப் புனல்போலப் போத்தலுக்குள் செருகுங்கள். அடியில் மேடுபள்ளமான இடத்தைக் கூழாங்கல்லும் தண்ணீரும் விட்டுச் சமப்படுத்தி, அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு போடுங்கள். அங்கிருந்து மேலே அடிமட்டக் கோலை ஒட்டிவிடுங்கள். தினமும் காலை ஒரே நேரத்தில் அளந்து கொப்பியில் எழுத வேண்டும். அட்டவணை, வரைபு, சராசரி என்று தரம் 6 முதல் 9 வரை கணிதத்துக்கும் புவியியலுக்கும் இந்தக் கொப்பி பயன்படும். மண்சரிவு எச்சரிக்கைக்குத் தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கும் அளவுகளையும் கொப்பியின் அட்டையில் குறித்து வையுங்கள். 24 மணித்தியாலத்தில் 75 மில்லிமீற்றரைத் தாண்டினால் விழிப்பாயிருக்க வேண்டும், 100ஐத் தாண்டினால் எச்சரிக்கை, 150ஐத் தாண்டினால் வெளியேற வேண்டும். அதிகாரிகள் வெளியேறச் சொன்னால் போத்தலைப் பார்த்துக்கொண்டு நிற்கக்கூடாது என்பதையும் அதே அட்டையில் எழுதுங்கள்.

இந்த வயதில் பிள்ளைகள் யூடியூப் பார்த்துப் படிக்கத் தொடங்குவார்கள். தமிழ்நாட்டுப் பாடங்கள் நிறைய இருக்கின்றன, நன்றாகவும் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆனால் அங்கே ஒளிச்சேர்க்கை என்பது நம் புத்தகத்தில் ஒளித்தொகுப்பு. அங்கே செல், இங்கே கலம். ஆக்சிஜன் இங்கே ஒட்சிசன், இணைகோடுகள் இங்கே சமாந்தரக் கோடுகள். பரீட்சை வினாத்தாள் நம் சொல்லில்தான் வரும். பார்க்கட்டும், பக்கத்தில் நம் பாடநூலைத் திறந்து வைத்துக்கொண்டு பார்க்கட்டும். கொப்பியின் கடைசிப் பக்கத்தில் இரண்டு சொல்லையும் எதிரெதிரே எழுதி வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

இரண்டாம் மொழிச் சிங்களப் புத்தகத்தை ஒதுக்கி வைக்க வேண்டாம். பதுளை ஆஸ்பத்திரியிலும் பொலிசிலும் பிரதேச செயலகத்திலும் அம்மாவுக்குப் பக்கத்தில் நின்று பேசப்போவது இந்தப் பிள்ளைதான். பஸ் பெயர்ப் பலகை மூன்று மொழியிலும் இருக்கும். பசறை, பண்டாரவளை, வெலிமடை என்று தெரிந்த ஊர்ப் பெயரை வைத்தே சிங்கள எழுத்துகளை அடையாளம் காணப் பழக்கலாம்.

ஒரே காம்பராவில் வெவ்வேறு வயதில் மூன்று பிள்ளைகள் இருந்தால் மூவருக்கும் தனித்தனியாகச் சாமான் சேர்க்க இடமும் இல்லை, வெளிச்சமும் இல்லை. மூவருக்கும் பொதுவாக ஒரு கதைப் புத்தகத்தை எடுத்து முதல் கால் மணித்தியாலம் பெரியவர் வாசிக்கட்டும், சின்னவர் கேட்கட்டும், நடுவில் இருப்பவர் கதையைத் திருப்பிச் சொல்லட்டும். பிறகு சின்னவருக்கு மட்டை, நடுப்பிள்ளைக்கு ஈர்க்கும் கொப்பியும், பெரியவருக்குப் பாடநூல். மழைமானியைச் சின்னவர் பார்த்துச் சொல்ல, பெரியவர் எழுதலாம்.

இதில் ஒரு விசயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். படிப்பிக்கும் பொறுப்பு மூத்த பெண்பிள்ளையின் தலையில் முழுதாக விழுந்துவிடுகிறது. அம்மா மலையிலிருந்து வரும்வரை தண்ணி பிடிப்பதும் ரொட்டி தட்டுவதும் அவள்தான், தம்பிக்குக் கணக்குச் சொல்லிக்கொடுப்பதும் அவள்தான். அவளுக்கும் பரீட்சை இருக்கிறது. ஒரு நாளைக்கு அரை மணித்தியாலத்துக்கு மேல் அவளைத் தம்பி தங்கைக்கு வாத்தியாராக்க வேண்டாம். அவளுடைய கொப்பிக்கும் ஒரு மூலையும் விளக்கும் கட்டாயம் வேண்டும்.

பதினைந்து, பதினாறு வயதில் தேர்வு சுருங்கிவிடும். ஓ.எல்.லில் ஒன்பது பாடம். ஏ.எல். போக, தாய்மொழியும் கணிதமும் உட்பட ஆறு பாடம் சித்தியடைய வேண்டும், அவற்றில் குறைந்தது மூன்றில் சி எடுக்க வேண்டும். ஆகவே கணிதத்துக்குத்தான் முதல் இடம். பாடநூல், கடந்தகால வினாத்தாள், அதோடு பரீட்சைத் திணைக்களம் வெளியிடும் புள்ளியிடும் திட்டம், இந்த மூன்றும் போதும். புள்ளியிடும் திட்டத்தைப் பார்த்தால் எந்தப் படிக்கு எத்தனை புள்ளி என்று தெரியும், விடை பிழைத்தாலும் படிக்குப் புள்ளி உண்டு என்பதும் தெரியும். பரீட்சைக்கு வெளியே வாசிக்க ஆசைப்படும் பிள்ளைக்குத் தெளிவத்தை ஜோசப்பின் 'காலங்கள் சாவதில்லை' நாவலைத் தேடிக் கொடுங்கள். 1934இல் பதுளைப் பக்கத்து ஊவாக்கட்டவளைத் தோட்டத்தில் பிறந்து, தோட்டப் பாடசாலையில் படிப்பித்தவர் எழுதியது. நம் லயத்தைப் பற்றியும் புத்தகம் இருக்கிறது என்று அறிவது ஒரு பிள்ளைக்கு எவ்வளவு பெரிய தெம்பு!

இடையில் நின்ற பிள்ளைக்கு 16 வயது ஆகவில்லை என்றால் அதிபரிடம் கூட்டிப் போங்கள். அந்த வயது வரை கல்வி கட்டாயம் என்று சட்டமே சொல்கிறது. வயது கடந்திருந்தால் வலயக் கல்விப் பணிமனையில் முறைசாராக் கல்விப் பிரிவைக் கேளுங்கள். தேசிய கல்வி நிறுவகத்தின் திறந்த பாடசாலையும் இப்படிப்பட்டவர்களுக்காகவே நடக்கிறது. ஓ.எல்.லைத் தனிப்பட்ட பரீட்சார்த்தியாகவும் எழுதலாம். விண்ணப்பத்துக்குத் தேசிய அடையாள அட்டை வேண்டும், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். பெயரில் எழுத்துப் பிழை இருந்தால் திருத்தி வாங்க மாதக் கணக்கில் ஆகும். அதனால் புத்தகம் தேடுவதற்கு முன் அந்தச் சான்றிதழை எடுத்து, பெயரும் திகதியும் சரியா என்று பிள்ளையையே வாசித்துப் பார்க்கச் சொல்லுங்கள்.